ஆசிரியர் பயிற்சிக்குத் தோள்கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தன்பாலீர்ப்பாளர், திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படிக் காப்பது என்று எங்கள் மாவட்ட ஆசிரியர்களுக்கு நடத்திய பயிற்சி, இந்தக் கல்வியாண்டுக்கு நல்லபடியாக முடிந்தது. கூப்பிட்டு வந்தவர்களுக்கும் கூப்பிடாமலே வந்தவர்களுக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

முதலில், இடம் கொடுத்த தலைமையாசிரியைக்கு. வேறொரு பள்ளி முந்தின நாள் மாலை, 'பெற்றோர் ஏதாவது சொல்வார்கள்' என்று கைவிரித்துவிட்டது. இந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "எத்தனை பேருக்குச் சாப்பாடு?" தயங்கியவர்களிடம், தன்பாலீர்ப்பாளர், திருநர் பாதுகாப்பு பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று போட்ட உத்தரவை எடுத்து நீட்டினார். பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கும் விழிப்புணர்வு தர வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. உத்தரவிட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அதற்கு முன் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். "ஜட்ஜே உட்கார்ந்து கத்துக்கிட்டாருன்னா நமக்கென்ன கூச்சம்?" என்று ஒரு தமிழாசிரியர் கேட்டதும் அரங்கம் கலகலப்பானது. ஐயா, அந்த நாளை நீங்கள்தான் தொடங்கி வைத்தீர்கள்.

திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து நடத்துவது பற்றி மத்திய அரசின் பள்ளிக் கல்வி அமைப்பான என்சிஇஆர்டி 2021இல் ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதற்குள் பதிவிறக்கி வைத்திருந்த நண்பருக்குத் தனி நன்றி. எதையும் உடனே சேமித்து வைக்கும் உங்கள் வழக்கத்தை இனி யாரும் கிண்டல் செய்ய மாட்டோம்.

தங்கள் பள்ளி நாட்களைப் பேச வந்த முன்னாள் மாணவர்களே, நீங்கள் வராவிட்டால் வெறும் சட்டம் பேசிக் கலைந்திருப்போம். கழிப்பறைக்குப் போக பயந்து, பள்ளி விடும்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்ததாக உங்களில் ஒருவர் சொன்னபோது, இடைவேளையில் அந்தப் பக்கம் யார் நிற்பது என்று ஆசிரியர்கள் அங்கேயே முறை போட்டுக்கொண்டார்கள். யுனெஸ்கோவும் சென்னை சகோதரன் அமைப்பும் சேர்ந்து தமிழ்நாட்டில் செய்த ஆய்வில், சீண்டலைப் பள்ளியிடம் புகார் சொன்னவர்கள் 18 சதவீதம் பேர்தான். அதனால் புகார் வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

வகுப்பில் கேலியை எப்படி நிறுத்துவது என்று நடித்துக் காட்டிய ஒத்திகைக்கு முன்வந்த அறிவியல் ஆசிரியைக்கும் நன்றி. வருகைப் பதிவில் 'ஒன்பது' என்றதும் வகுப்பு சிரிப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் பேனாவைக் கீழே வைத்தார். சத்தம் அடங்கியதும், "இந்த வகுப்பில் அந்தக் கேலி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, "பத்து?" என்று அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். நீளமாக அறிவுரை சொன்னால் எல்லார் கண்ணும் அந்தப் பிள்ளை மேல்தான் விழும் என்று உளவியல் ஆலோசகர் விளக்கினார்.

மதியச் சாப்பாட்டையே தள்ளிப்போட வைத்த கேள்வி ஒரு மூத்த ஆசிரியருடையது. "பிள்ளை நம்மிடம் சொன்னதைப் பெற்றவர்களிடம் மறைக்கலாமா?" காரசாரமாகப் பேசினோம். பிள்ளையின் சம்மதம் இல்லாமல் சொன்னால் வீட்டில் அடி விழலாம், படிப்பை நிறுத்தலாம், 'குணப்படுத்த' எங்காவது இழுத்துப் போகலாம். அப்படி மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை மருத்துவர்களுக்கு நடத்தை மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்ததே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. கேள்வி கேட்ட ஆசிரியர் முழுதாகச் சமாதானமாகவில்லை. ஆனாலும், "முதல்ல பிள்ளையைக் கேட்கிறேன், சரி" என்றார். கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் கேட்டதற்கு நன்றி ஐயா.

பிழை திருத்தித் தந்த அச்சகத் தம்பிக்கும், வாழை இலைக்குக் காசு வாங்காத கடைக்காரருக்கும், தன் மகளைப் பற்றிப் பேச பஸ் பிடித்து வந்த அம்மாவுக்கும் நன்றி.

ஜூனில் பள்ளி திறந்ததும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு நாள் வைக்கிறோம். மைதானத்தில் நடப்பது வகுப்பறைக்குத் தெரிவதில்லை. பாய், மைக் செட் தருவதாகச் சொன்னவர்கள் மறந்துவிட வேண்டாம்.

நன்றியுடன்,
பயிற்சிக் குழுவின் சார்பாக