கேபிள் வரைபடம் வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய வீடியோ விளையாட்டுக் கருவிகளைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் ஸ்கார்ட் என்ற 21 முனைக் கேபிள்களை வீட்டிலேயே செய்து, அவற்றின் இணைப்பு வரைபடங்களைப் பிறரும் பயன்படுத்தட்டும் என்று பொதுவில் வைக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களைப் போன்றோரின் உழைப்பு இல்லையென்றால், என்னிடம் உள்ள சூப்பர் ஃபாமிகாம் (சூப்பர் நிண்டெண்டோ விளையாட்டுக் கருவியின் ஜப்பானிய வடிவம்) இன்றும் மஞ்சள் முனைக் கேபிளின் மங்கலான படத்தோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். வரைபடம் ஒவ்வொன்றிலும் இரண்டு வரிகளைக் கூடுதலாக எழுதுங்கள்: பிளக்கை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தீர்கள் என்பது ஒன்று, எந்த நாட்டுக் கருவிக்காக வரைந்தீர்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இல்லாத ஒரு வரைபடத்தை நம்பி நான் மூன்று வாரங்களைத் தொலைத்தேன்.

நான் வாழும் பிரான்சில், 1980 முதல் புதிய தொலைக்காட்சிகளில் கட்டாயமாக்கப்பட்ட இந்த 21 முனை இணைப்பைப் பெரிடெல் என்பார்கள். அதில் சிவப்பு 15ஆம் முனையிலும், பச்சை 11லும், நீலம் 7லும், படத்தை நிலைநிறுத்தும் ஒத்திசைவுச் சமிக்ஞை 20லும் சேர வேண்டும். வலது ஒலிக்கு 2, இடது ஒலிக்கு 6. நிறங்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும்படி தொலைக்காட்சிக்குச் சொல்வது 16ஆம் முனை; கருவியின் 5 வோல்ட்டை 180 ஓம் மின்தடை வழியாக அதற்குக் கொடுத்தால் போதும். இத்தனையையும் வரைபடத்தில் உள்ளபடியே பற்றவைத்து இணைத்தபோது திரை இருண்டே கிடந்தது. விளையாட்டின் இசையும் இல்லை. வலது ஒலிபெருக்கி மட்டும் அடித்தொண்டையில் உறுமுவது போல இடைவிடாமல் இரைந்துகொண்டிருந்தது.

நிறக் கம்பிகளில் வைத்த மின்தேக்கிகளைத் தலைகீழாக வைத்துவிட்டேனோ என்று ஐயுற்று மூன்றையும் மாற்றினேன். பற்றவைப்புகளைக் கழற்றி மீண்டும் வைத்தேன். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தபோது எல்லாமே சரியென்று ஒலித்தது. அதே வரைபடத்தைப் பார்த்துத்தானே சோதித்தேன், அது வேறு எப்படி ஒலிக்கும்? கடைசியில் வழி காட்டியது அந்த இரைச்சல்தான். ஜப்பானியக் கருவி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. காதில் விழுந்த உறுமலும் ஏறக்குறைய அதே தாழ்ந்த சுருதியில் இருந்தது. கண்ணுக்குப் போக வேண்டிய ஒத்திசைவு காதுக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

ஸ்கார்ட் பிளக்கில் ஒற்றைப்படை எண்கள் ஒரு வரிசையிலும் இரட்டைப்படை எண்கள் மறு வரிசையிலும் அமைந்துள்ளன. பிளக்கை முகப்பிலிருந்து பார்த்து வரைந்த படத்தை, கம்பி பற்றவைக்கும் பின்பக்கத்திற்குரியது என்று எடுத்துக்கொண்டால் இடமும் வலமும் மாறிவிடும்: 20 இருக்க வேண்டிய இடத்தில் 2 வரும், 16 இருக்க வேண்டிய இடத்தில் 6 வரும். நிறங்களின் கதி இன்னும் மோசம். 15க்குரிய சிவப்பு 5இல் விழும், 11க்குரிய பச்சை 9இல் விழும், 7க்குரிய நீலம் 13இல் விழும். இம்மூன்றுமே தரை இணைப்பு முனைகள் என்பதால் நிறங்கள் மூன்றும் தடம் தெரியாமல் தரையில் கரைந்துவிடும். என் கேபிளில் நடந்தது எழுத்துப் பிசகாமல் இதுதான். பிளக்கின் பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் எண்கள் அச்சாகித்தான் இருந்தன. உருப்பெருக்கியை எடுக்கச் சோம்பியது என் குற்றம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாட்டைக் குறிப்பிடாமல் விடுவது இதைவிட ஆபத்தானது. ஜப்பானியக் கருவியின் 12 முனை வெளியீட்டில் மூன்றாம் முனை தூய ஒத்திசைவைத் தருகிறது. ஐரோப்பியக் கருவியில், தோற்றத்தில் வேறுபாடே இல்லாத அதே மூன்றாம் முனை 12 வோல்ட் மின்னழுத்தத்தைத் தருகிறது. என் தம்பி மகன் தன்னுடைய ஐரோப்பிய சூப்பர் நிண்டெண்டோவை என் கேபிளில் மாட்ட வந்தபோது, ஏதோ தோன்றி முதலில் மீட்டரை வைத்துப் பார்த்ததால் தப்பித்தோம். இல்லையென்றால், ஒரு வோல்ட் அளவே வர வேண்டிய ஸ்கார்ட்டின் 20ஆம் முனைக்கு 12 வோல்ட் போயிருக்கும். ஒத்திசைவைக் கருவி வெளியீட்டின் ஏழாம் முனையில் வரும் ஒளிர்வுச் சமிக்ஞையிலிருந்து எடுத்தால் இரு நாட்டுக் கருவிகளிலும் படம் நிலையாக நிற்கும். புதிதாகச் செய்பவருக்கு அந்த வழியையே முதலில் காட்டலாம் என்பது என் கருத்து.

நிறக் கம்பிகளின் உறுப்புகளும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ஜப்பானியக் கருவிக்கு ஒவ்வொரு நிறத்திலும் 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கி தேவை, அதன் நேர்முனை கருவியின் பக்கம் இருக்க வேண்டும். ஐரோப்பியக் கருவிக்கு மின்தேக்கி வேண்டாம். ஒவ்வொரு நிறத்திலிருந்தும் தரைக்கு 75 ஓம் மின்தடை வேண்டும், அது விடுபட்டால் படம் கண் கூசும் அளவுக்கு வெளிறும். போதாக்குறைக்கு, ஜப்பானில் வழங்கும் 21 முனை பிளக்கும் பார்வைக்கு ஸ்கார்ட்டேதான், ஆனால் அதில் நீலத்தின் இடம் 20.

வரைபடத்தின் அடியில் இடம் மிச்சமிருந்தால் கோளாறுகளின் முகக்குறிகளையும் எழுதுங்கள். படம் மஞ்சள் பூத்தால் நீலக் கம்பி அறுந்திருக்கும். படம் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகத் தெரிந்தால் பச்சை போயிருக்கும். படம் தெரிந்தும் பழைய மங்கல் மாறாவிட்டால் 16ஆம் முனைக்கு மின்சாரம் வரவில்லை. இரவு பதினொரு மணிக்குச் சூட்டுக்கோலும் கையுமாக உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த மூன்று வரிகள் பேருதவி.

என் வரைபடத்தை இரு பக்கத் தோற்றத்துடனும் திருத்தி வரைந்து வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குத் தருவேன், அதிலும் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிப் பிம்பத்தைப் பார்த்துக் கம்பி வைத்த ஒருவன்