ஆய்வு இடங்களை ஊரறிய அறிவியுங்கள்

மதிப்புக்குரிய விஞ்ஞான, பொறியியல் பீடாதிபதிகளுக்கும் ஆய்வு நிதி வழங்கும் நிறுவனங்களின் தலைவர்களுக்கும்,

வணக்கம். பட்டம் பெற்ற பின் கொழும்பில் ஆய்வு இடம் தேடுவது எத்தகைய அலைச்சல் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே கடந்த மாதம் நடந்ததற்கே வருகிறேன்.

ஒரு பல்கலைக்கழகத் துறையின் அறிவித்தல் பலகையில், பழைய பரீட்சை நேரசூசிக்குக் கீழே பாதி மறைந்தபடி, ஆய்வு உதவியாளர் தேவை என்றொரு தாள். நீர் மாசு குறித்த திட்டம். கலாநிதிப் பட்டத்துக்கும் பதியலாம். விண்ணப்பம் பதிவுத் தபாலில் வர வேண்டும், கடித உறையின் இடதுபக்க மேல்மூலையில் பதவியின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று அத்தனை நுணுக்கமாக எழுதியிருந்தார்கள். கொடுப்பனவு எவ்வளவு? "திட்ட நிதிக்கு அமைய." எத்தனை வருடம்? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. முடிவுத் திகதி இன்னும் வந்திருக்கவில்லை. உள்ளே போய் விசாரித்தேன். "அதற்கு ஏற்கெனவே ஒரு பிள்ளையைச் சொல்லியாயிற்று" என்றார் எழுதுவினைஞர். நல்ல மனிதர், ஒளிக்கத் தெரியாதவர்.

அந்தப் பிள்ளைமீது எனக்கு வருத்தமில்லை, தகுதியுள்ளவராகவே இருக்கலாம். ஆள் முடிவான பின் தாளை ஒட்டுவது யாருக்காக? கணக்காய்வாளருக்காகவா?

நான் கேட்பது ஒன்றுதான். பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆய்வு இடத்தையும், கொடுப்பனவு, காலம், மேற்பார்வையாளர் பெயர் ஆகியவற்றோடு, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரே இடத்தில், மும்மொழியிலும், குறைந்தது ஒரு மாத அவகாசத்தோடு அறிவியுங்கள்.

இப்போது மேற்பார்வையாளரைத் தேடிப் போனால் "நிதியோடு வாருங்கள்" என்கிறார். நிதி தருவோரிடம் போனால் "மேற்பார்வையாளர் ஊடாக வாருங்கள்" என்கிறார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

ஜேர்மனியில் கலாநிதி ஆய்வு இடங்கள் பலவற்றுக்கு ஊதியப் படிநிலையே அறிவித்தலில் அச்சாகியிருக்கும்: இ13 படிநிலை, அதன் முழுநேரச் சம்பளத்தில் 65 சதவீதம் என்று. சுவீடனில் அது நான்கு வருட முழுநேரக் கற்கை, பெரும்பாலும் சம்பளத்தோடு. பக்கத்து இந்தியாவில் 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 இந்திய ரூபாய் என்பது ஊருக்கே தெரியும். வெள்ளவத்தையில் உட்கார்ந்தபடி ஸ்டொக்ஹோமில் உள்ள இடத்தின் முடிவுத் திகதியை என்னால் சொல்ல முடிகிறது. பஸ் ஏறினால் போய்விடக்கூடிய துறையில் என்ன இடம் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. பிறகு, மூளைசாலிகள் ஏன் வெளியேறுகிறார்கள் என்று நட்சத்திர ஹோட்டலில் மாநாடு கூட்டுகிறீர்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தைக்கூட ஆய்வுக்குச் செலவிடாத நாட்டில் அந்த மாநாட்டுத் தேநீருக்கு மட்டும் நிதித் தட்டுப்பாடு வருவதில்லை.

பேச்சு எல்லை மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். இருக்கும் இடங்களை அதிகரிக்கும்படி நான் கேட்கவில்லை; நிதி நிலைமை எனக்கும் தெரியும். இருப்பவற்றை ஆள் தெரிவுக்கு முன்பே, கொடுப்பனவும் காலமும் குறிப்பிட்டு, ஊரறிய அறிவியுங்கள் என்றுதான் தாழ்மையுடன் கேட்கிறேன். அடுத்த நிதி ஒதுக்கீட்டிலிருந்தே இதைத் தொடங்க முடியுமா என்பதைப் பகிரங்கமாகத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
இரசாயனவியல் பட்டதாரி ஒருவன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6