அம்மாவின் காணி விஷயம்

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. லண்டனில் இருந்துகொண்டு 'காணி போகப்போகுது' என்று கேள்விப்பட்டால் யாருக்குத்தான் நித்திரை வரும்? நேற்றே உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கேற்றில் ஒட்டியிருப்பது, அரசு பொதுத் தேவைக்குக் காணி எடுக்கும் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல். சேவையர்மார் மதிலில் சிவப்புப் பெயின்றால் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அம்மா அதன்மேல் சேலை காயப்போட்டிருக்கிறா.

முதலில் பயத்தை விடு. 2ஆம் பிரிவு காணியைப் பார்த்து அளக்க மட்டும்தான் இடம் கொடுக்கிறது. எடுக்கும் எண்ணம் இருந்தால் 4ஆம் பிரிவில் இன்னொரு அறிவித்தல் வரும், ஆட்சேபணை அப்போது எழுதலாம். பிறகு 5இல் அமைச்சரின் பிரகடனம், 7இல் உரிமை கோரச் சொல்லி அறிவித்தல், விசாரணை, நட்டஈடு. 1950ஆம் ஆண்டுச் சட்டம் இது. கண் வைக்க வேண்டியது 38ஆம் பிரிவில். அவசரம் என்று கட்டளை வந்தால் நட்டஈடு பேசி முடியுமுன்பே காணியைப் பொறுப்பெடுத்துவிடலாம்.

'எங்கட காணியை எடுக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?' என்று கேட்டிருந்தாய். யாரும் கொடுக்கவில்லை, அதுதான் சங்கதி. அரசு என்று ஒன்று இருந்தால் கூடவே பிறந்தவை என்று மூன்றைச் சொல்வார்கள்: வரி அறவிடுவது, பொதுத் தேவைக்குக் காணி எடுப்பது, சுகாதாரம், பாதுகாப்பு, ஒழுங்கு என்று நம்மைக் கட்டுப்படுத்துவது. சட்டம் இவற்றை உண்டாக்குவதில்லை, வேலி போடுகிறது, அவ்வளவுதான். காணி எடுக்கும் அதிகாரத்துக்குப் பெயர் வைத்து 1625இல் எழுதியவர் குரோசியஸ் என்ற ஒல்லாந்தர். 1638இல் அவருடைய ஆட்கள் வந்து நம்முடைய மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயருக்கு நட்டஈடு கொடுத்துவிட்டு அல்ல!

வரியைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. சட்டத்தின் ஆதாரமில்லாமல் எந்த உள்ளூராட்சிச் சபையும் ஒரு சதம்கூட அறவிட முடியாது என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை சொல்கிறது. வீடு வளவுக்காகச் சபைக்குச் சோலைவரி கட்டிய துண்டுகளை அம்மா பிஸ்கட் ரின்னில் கட்டிவைத்திருக்கிறா. விசாரணைக்கு அவையும் உதவும்.

எனக்குப் பயம் மூன்றாவதில், கட்டுப்படுத்தும் அதிகாரத்தில்தான். சுனாமிக்குப் பிறகு நடந்ததை யோசித்துப் பார். தெற்கில் கடலிலிருந்து 100 மீற்றருக்குள் கட்டக்கூடாது, வடக்கு கிழக்கில் 200 மீற்றர் என்றார்கள். கடற்கரையில் இருக்கிற நாவலடி ஆட்களின் காணியை யாரும் சுவீகரிக்கவில்லை. காணி உறுதிப் பத்திரம் அவர்கள் கையில்தான் இருந்தது, வீடு கட்டத்தான் முடியாது. காணியை எடுக்காதபடியால் அதற்கு நட்டஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை. கடலைவிட்டுத் தள்ளி, திராய்மடுவில் வீடு கிடைத்தது உண்மை, ஆனால் கடற்றொழில் செய்கிறவனுக்கு அங்கிருந்து கரைக்கு வருவதே ஒரு வேலை. பிறகு அந்தத் தூரத்தைத் தளர்த்தினார்கள். உயிரைக் காக்கக் கட்டுப்பாடு போடுவதை நான் குறை சொல்லவில்லை. டெங்கு பார்க்க வருகிறவர் வளவுக்குள் நுழைந்து சிரட்டையைக் கவிழ்த்துப் பார்ப்பதும் இதே அதிகாரத்தில்தான். ஒரே கடலுக்கு அங்கே 100, இங்கே 200 ஏன் என்பதுதான் என் கேள்வி. காணியை எடுப்பதென்றால் இத்தனை படி ஏற வேண்டும், கட்டிப்போடுவதென்றால் ஒரு அறிவிப்புப் போதும்.

நம்முடைய 1978 அரசியலமைப்பில் சொத்துரிமை அடிப்படை உரிமையாக இல்லை. அதனால் நீதிமன்றம் போகிறவர்கள் பெரும்பாலும் 12(1), சமத்துவ உரிமையைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். அதற்கும் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், இதை மறந்துவிடாதே.

இன்னொன்று. கடதாசியில் 'பொதுத் தேவைக்காக' என்று மட்டும் இருக்கிறது. வீதியா, வடிகாலா, ஒன்றும் இல்லை. தேவை இன்னதென்று அறிவித்தலிலேயே சொல்ல வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி அம்மாவின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் போடப்போகிறேன்.

நீ செய்ய வேண்டியது, உறுதியின் பிரதி உன்னிடம் இருந்தால் உடனே அனுப்பு. உன் சார்பில் நான் பேசலாம் என்று அற்றோணித் தத்துவமும் எழுதி அனுப்பினால் விசாரணைக்கு நான் போகலாம். அப்புறம், ஊர் வழக்கப்படி அந்த வளவு தங்கச்சிக்குச் சீதனமாக எழுதியாச்சா, இல்லை இன்னும் அம்மாவின் பெயரிலா? அம்மாவைக் கேட்டால் 'எல்லாம் பிள்ளைகளுக்குத்தானே' என்கிறா. தங்கச்சியிடம் கேட்டுச் சொல், அதற்குப் பிறகுதான் நொத்தாரிசிடம் போவேன்.

அன்புடன்,
உன் மச்சான்