செண்பகனூர் சாமிமார் வீடு: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், இந்த மழையிலும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா, தபால் செலவு, டீச் செலவு எல்லாம் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுக்க நாம் அதிகம் பேசியது ஒரே கட்டடத்தைப் பற்றித்தான்: கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் இருக்கும் சாமிமார் வீடு, அதாவது கத்தோலிக்கக் குருமாரின் வீடு. நானும் அதையே சொல்லிவிடுகிறேன்.

செண்பகனூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மியூசியம். பாடம் செய்த மிருகங்களையும் பட்டாம்பூச்சிகளையும் பார்த்துவிட்டு வேன் ஏறிவிடுகிறார்கள். அந்த மியூசியம் ஒரு வீட்டுக்குள் பிறந்தது என்பது நம்மில் சிலருக்கே இந்த ஆண்டுதான் உறைத்தது.

1837க்குப் பிறகு பிரான்சிலிருந்து மதுரை மிஷனுக்கு வந்த சேசு சபை (கத்தோலிக்கத் துறவற சபை) சாமிமாரில் பலர் காலராவிலும் காய்ச்சலிலும் இளவயதிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயம்தான் அவர்களை மலைப்பக்கம் பார்க்க வைத்தது. சேன்சீர் சாமி முதலில் வந்து கொடைக்கானலில் சலேத் மாதா கோயிலைக் கட்டினார். பிறகு 1895இல், சபையில் சேரும் இளைஞர்கள் தங்கிப் படிப்பதற்காகச் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரி தொடங்கியது. அதுதான் நாம் சொல்லும் வீடு. மியூசியத்துக்கும் அதே வயதுதான். மோட்டார் ஏறும் மலைச்சாலை (காட் ரோடு) வருவதற்கு இன்னும் இருபது வருஷம் இருந்தது. ஏறி வந்தவர்கள் நடந்தோ குதிரையிலோ டோலியிலோதான் வந்தார்கள். சாமான்களெல்லாம் தலைச்சுமை. சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இந்தக் கட்டடத்தின் பாரம்பரிய மதிப்பு எது என்று கேட்டால், கல்லும் ஓடும் எனக்கு இரண்டாம் பட்சம். ஆங்கலாத் சாமியும் நியூட்டன் சாமியும் பழனி மலையின் கற்திட்டைகளை (கற்பலகைகளால் ஆன பழங்கால ஈமச் சின்னங்களை)ப் பற்றி எழுதியதைத் தொல்லியல் துறை 1928இல் நூலாக வெளியிட்டது. ஃபோரோ சாமியின் பழனிமலைப் பாசிப் பட்டியல் 1961இல் வந்தது. இங்குள்ள ஆர்க்கிட் தொகுப்பில் முந்நூறுக்கு மேற்பட்ட வகைகள். சீசனுக்கு வந்து போகிறவரால் பாசி சேகரிக்க முடியாது. மழை, பனி, வெயில் எல்லாவற்றிலும் அங்கேயே குடியிருக்க வேண்டும். குடியிருந்தார்கள், அதனால் முடிந்தது.

அப்புறம் நம் வேலை. அனுமதி கேட்டு மூன்று சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். கேமராவை மட்டும் ஒரு தடவை மறந்துவிட்டோம் (அடியேன்தான்). கட்டடத்தின் மதிப்பைச் சொல்லும் குறிப்பு ஒன்று தயாரித்து, மனுவாக ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். பதில் இல்லை. நேரில் போனால் மனுவையே காணோம் என்றார்கள். சரி, நகல் கொடுத்திருக்கிறோம்.

வாசலில் நம் சங்கப் பெயரில் பலகை வைக்கலாம் என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அடுத்தவர் வீட்டு வாசல் அது. குழுவும் கடைசியில் அதையே ஏற்றுக்கொண்டது.

வரும் ஆண்டில், அந்த வீட்டில் சமையலும் தோட்ட வேலையும் பார்த்த குடும்பங்களின் நினைவுகளைப் பதிவுசெய்ய நினைக்கிறோம். பெரியவர்களுக்கு வயதாகிறது, தள்ளிப்போட முடியாது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய படம் ஏதாவது இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கேன் எடுத்து அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

செயலாளர்