தண்டவாளம் பிரித்த குடும்பங்கள்

ஆசிரியருக்கு,

அசாமில் ரயிலில் அடிபடும் யானைகளைப் பற்றி அவ்வப்போது செய்தி வெளியிடுகிறீர்கள். அதே மாநிலத்தில், ரயிலில் அடிபடாமலேயே தண்டவாளத்தால் நலிந்துவரும் ஹூலக் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்குகளைப் பற்றியும் எழுத வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை. மகன் ஜோர்ஹாட்டில் வேலை பார்ப்பதால், மரியானிக்கு அருகிலுள்ள ஹொல்லங்காபார் கிப்பன் சரணாலயத்துக்குப் போக வாய்த்தது. காலையில் ஒரு ஜோடி மாறி மாறிக் கூவத் தொடங்கியதும் காடே அதிர்ந்தது. ஆண் கன்னங்கரேலென்று, வெள்ளைப் புருவத்தோடு இருந்தது. பெண் வெளிர்பழுப்பு, அதன் வயிற்றை இறுகப் பற்றியபடி ஒரு குட்டி. அத்தனை பெரிய தாவலிலும் குட்டியின் பிடி தளரவில்லை! இந்த எல்லை எங்களுடையது என்று பக்கத்துக் குடும்பத்துக்குச் சொல்லும் கூவல் அது.

கிப்பன்களில் சுமார் 20 இனங்கள் உண்டு. நம் நாட்டில் இருப்பது ஹூலக் மட்டும்தான். அதிலும் கிழக்கு, மேற்கு என இரண்டு இனம் இங்கே இருப்பதாக நினைத்திருந்தார்கள். மேற்கு ஹூலக் ஒன்றே இருக்கிறது என்று ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) விஞ்ஞானிகளின் மரபணு ஆய்வு 2021-இல் காட்டியது. சிம்பன்சி, ஒராங்குட்டான் வரிசையில் இந்தியாவில் வாழும் ஒரே வாலில்லாக் குரங்கு இது.

தாய், தகப்பன், பிள்ளைகள் என்று சிறு குடும்பமாக வாழ்பவை இவை. பிள்ளை வளர்ந்ததும் பெற்றோரைப் பிரிந்து துணை தேடிப் போக வேண்டும். கிளைக்குக் கிளை கைமாற்றித் தாவித்தான் போகும். தரையில் இறங்குவது அபூர்வம். சரணாலயத்தின் நடுவே ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் ரயில் பாதை ஓடுகிறது. இருபுற மரங்களும் தொட்டுக்கொள்ளாத இடத்தில் அதுதான் அவற்றுக்கு மதில். பாதைக்கு அந்தப்பக்கம் சிறு துண்டுக் காட்டில் சிக்கிய குடும்பங்களின் பிள்ளைகள் யாரோடு சேரும்?

ரயில்வே முன்பு இரும்புப் பாலம் போட்டுப் பார்த்தது; கிப்பன்கள் அதை நாடவில்லை. இப்போது கயிற்றுப் பாலங்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். சரி, நல்ல முயற்சி. ஆனால் கிப்பன்கள் அவற்றில் ஏறிக் கடப்பது உறுதியாகும்வரை அங்கே மின்கம்பி இழுக்கவோ இரண்டாவது பாதை போடவோ கூடாது. இரட்டைப் பாதை வந்தே ஆக வேண்டுமானால், சரணாலயத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டு போகட்டும்.

— ஓய்வுபெற்ற ஆசிரியை, அம்பாசமுத்திரம்