ரப்பர் அறுக்க எந்த மிஷின்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புளியரையிலிருந்து எழுதுகிறேன். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் பால் வற்றிய ரப்பர் மரங்களை அறுப்பதுதான் 17 வருடமாக என் பிழைப்பு. மரம் அறுக்கும் செயின்சா மிஷினில் ஸ்டில் கம்பெனி வாங்கவா, ஹஸ்க்வர்னா கம்பெனி வாங்கவா என்று எங்கள் ஊர்ப் பையன்கள் கேட்கிறார்கள். இரண்டையும் பிடித்த கை என்பதால் சொல்கிறேன்.

ஸ்டில் எம்எஸ் 382, 72.2 சிசி. இப்போதைய ஹஸ்க்வர்னா 365, 70.7 சிசி. எடை இரண்டும் ஆறு கிலோ சொச்சம். ரப்பரில் வித்தியாசமே தெரியாது. வைரம் பாய்ந்த புளியில் ஸ்டில் எனக்குத் திணறியதில்லை. ஆனால் நாள் முழுக்கப் பிடித்தால், சாயங்காலம் விரல் மரத்துப்போவது ஹஸ்க்வர்னாவில் குறைவு. நான் அதைத்தான் எடுப்பேன். இரண்டுக்குமே லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி நல்ல 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலக்க வேண்டும். அதில் கஞ்சம் பிடித்தால் பிஸ்டன் போய்விடும்.

போன வருடம், செயின் சுற்றி ஓடும் நீளப் பட்டையான பாரின் மேல்நுனி ஒரு கிளையில் பட்டு, மிஷின் முகத்தை நோக்கி எகிறியது. செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் விழுந்ததால் பிழைத்தேன். நுனி படக்கூடாது என்று எனக்கு மிஷின் விற்ற கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெல்மெட், கால்கவசம் பற்றியும் பேச்சில்லை. உங்கள் விவசாயப் பக்கத்தில் இதைப் படத்தோடு போடுங்கள் ஐயா.

மரம் அறுக்கும் தொழிலாளி,
புளியரை, தென்காசி மாவட்டம்