தேங்காய்ப்பூக் கீரையும் பெரியண்ணனும்

கல்லாறு,
வெள்ளி இரவு

மச்சான்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதென்றால் திட்டிவிட்டு மறுகா வாசி. வீட்டில் எல்லோரும் சுகம். எனக்குத்தான் கல்லடைப்பு வந்து போனது.

நாள் முழுக்க வயல் வட்டையில் வெயிலுக்குள் நின்றுவிட்டு, தண்ணீர்ப் போத்தலை வாடியில் மறந்து வருகிறவனுக்கு வேறென்ன வரும்? ஆட்டோவுக்குள்ளேயே அழுதுவிட்டேன், சிரிக்காதே. ஸ்கேனில் 4 மில்லிமீற்றர். "தண்ணீரை நிறையக் குடியுங்கள், இறங்கிவிடும்" என்றார் டொக்டர்.

அம்மா அதோடு விடுவாவா? கடற்கரையில் நம்மைப் பந்தடிக்க விடாமல் குதிக்காலில் குத்தின அதே நெருஞ்சி, வரம்போரத்து நீர்முள்ளி, வளவுத் தேங்காய்ப்பூக் கீரை எல்லாம் சட்டிக்குள். அந்தக் கீரையின் பூவை அன்றைக்குத்தான் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். துருவின தேங்காய் தண்டிலே ஒட்டினது போலவே இருக்கிறது. சிங்களத்திலும் பொல்பலா, தேங்காய்க் கீரைதானே. எட்டுக்கொன்றாக வற்றின கசாயம், காலையும் மாலையும். 12ஆம் நாள் கல் விழுந்தது. அந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே விழும் என்று டொக்டர் சிரிக்கிறார். அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மனுஷி இப்போது தெருவுக்கே வைத்தியர்.

அங்கேதான் சிக்கல். மூலிகைப் பேச்சு சூடு பிடித்ததில் உன் பெரியண்ணன் கொலஸ்ட்ரோலுக்கென்று அந்தப் புளிப்புப் பிலிம்பிக்காயைப் பச்சையாகப் பிழிந்து, விடிய வெறுவயிற்றில் ஒரு கிளாஸ் குடிக்கிறார். ஏற்கெனவே சீனி வருத்தக்காரன். மீன் குழம்புக்கு நாலு காய் போட்டால் சரி. சாறாகக் குடித்தால் அதிலுள்ள ஒக்சலேட் என்கிற உப்பு சிறுநீரகத்தில் போய்ப் படியும். கேரளத்தில் இப்படிக் குடித்துச் சிறுநீரகம் பழுதான 10 பேரைப் பற்றி 2013இல் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். 7 பேருக்கு டயலிசிஸ் செய்ய வேண்டி வந்ததாம். சொன்னேன். "நீ கல்லுக்காரன், பேசாமல் இரு" என்கிறார்.

நேற்று கோயிலில் அவர் கணுக்காலைப் பகிடிக்கு அமத்திப் பார்த்தேன். விரல் பட்ட பள்ளம் எழும்பவே இல்லை. அதற்குப் பிறகு எனக்குப் பகிடி வரவில்லை, மச்சான்.

ஞாயிறு காலை, அவர் கிளாஸைக் கையில் எடுக்க முதல் நீ ஃபோன் எடு. சாற்றை நிறுத்தச் சொல், சிறுநீரகம் எப்படியென்று அறிய திங்களே இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கச் சொல். கூட்டிப்போக நான் நிற்கிறேன். மாட்டு விஷயத்திலேயே உன் சொல்லைத்தானே கேட்டார்? என் பெயரை மட்டும் எடுக்காதே.

மரத்தைத் தறிக்கலாமென்றால் அண்ணி விடமாட்டா, அச்சாறுக்கு வேணுமாம்.

உன்,
கல்லுக்காரன்